கண்ணாடிப் படகு

ரூபேஷும் அமலாவும் தினமும் விடியுமுன் கோலார் தங்கவயலில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இப்போதுதான் அந்தமானுக்கு வந்திருந்தார்கள். இங்கேயும் இரண்டு நாளாக நாலு மணிக்கே விழிப்பு. ஓட்டல் மெத்தையில் தூக்கம் வராமல் புரண்டதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலை, கடலடியில் பவளம் காட்டும் கண்ணாடிப் படகு. அமலா முந்திக்கொண்டு ஓடிக் கைக்குட்டை போட்டு ஓரத்தில் இடம் பிடித்தாள். என்ஜின் குலுங்க ஆரம்பித்ததும் அவள் தலை அவன் தோளில் விழுந்தது, அவன் தலை அவள்மேல்.

படகு கரையில் இடித்ததும் ரூபேஷ் பதறி எழுந்தான். "ஏந்திரு அமலா, கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வந்துட்ச்சி!"

அமலா கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தாள். படகுக்காரரிடம் கேட்டாள்: "அண்ணா, இன்னொரு ரவுண்டு போவீங்களா?"

"பவளம் அவ்வளவு பிடிச்சிருச்சாம்மா?"

"அத யாருண்ணா பாத்தாங்க? தூக்கம் பத்தல."