பிரெஞ்சுக்காரர்கள் பெண் பார்க்க வந்த நாள்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை.

கீரமங்கலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிற வீடு அது. அக்கா மகள் கார்த்திகாவைப் பெண் பார்க்க அன்றைக்குக் காரைக்காலிலிருந்து வருகிறார்கள். நான் தாய்மாமன். உரக்கடையை அடைத்துவிட்டு ஒரு தார் பூவன் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதை வைக்க மேசை இல்லை. டிவி இருந்த இடத்தில் ஒயர் தொங்கியது. அடுப்படியில் கேஸ் அடுப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, குடிக்க ஒரு டம்ளர் இல்லை. கொட்டகையில் பசுவும் கன்றும் இல்லை. திருடன் புகுந்துவிட்டான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் எந்தத் திருடன் சாமி படத்தைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போவான்?

போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர் ஆத்மநாதன்.

"மாப்ள, வந்துட்டியா?"

"வந்துட்டேன் மச்சான். வீட்ல எல்லாம் களவு போயிருச்சு."

"களவெல்லாம் போகல. எல்லாம் எங்கிட்டத்தான் இருக்கு. நான் முந்திரிக்காட்டுக்குள்ள இருக்கேன்."

"அங்க என்ன செய்றீங்க?"

"ஆயிரத்து எழுநூத்தி அம்பத்து நாலு" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதே இல்லை. மச்சான் முப்பத்தோரு வருஷம் வரலாறு வாத்தியார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் படித்தவர்கள், அவரோடு பஸ்ஸில் போனவர்கள், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் அந்த வருஷம் மனப்பாடம். புதுக்கோட்டைத் தொண்டைமான் ராஜா திருச்சியில் இருந்த இங்கிலீஷ்காரனுக்கு அரிசியும் ஆடு மாடும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்தில் பிரெஞ்சுப் படை தொண்டைமான் சீமைக்குள் இறங்கியது. சனங்கள் மாடு கன்று, தானியம், சட்டிபானை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது காலி வீடு. கோபத்தில் கூரைகளைக் கொளுத்தினார்களே தவிர, வேறு ஒன்றும் ஆகவில்லை.

"பக்கத்துத் தோட்டத்து ராமு டிராக்டர்ல நாலு நடை அடிச்சோம்" என்றார் மச்சான், பெருமையாக. "ஒங்க அக்காளும் கார்த்திகாவும் ரவிக்கை வாங்க அறந்தாங்கி போயிருக்காக. டைலர் குடுக்க ஒரு மணி ஆயிரும். அதுக்குள்ள இவங்க வந்து, காலி வீட்டைப் பாத்துட்டு, கார்ல ஏறிப் போயிருவாங்க. சண்டை இல்ல, சச்சரவு இல்ல. நான் வேணாம்னு வாயத் தொறந்து சொல்லவே இல்ல. அதுக்கு நீதான் சாட்சி."

மாப்பிள்ளைப் பையன் அறிவுச்செல்வன் காரைக்கால்காரன். பாட்டன் காலத்திலிருந்து அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பையன் பாரிஸ் பக்கத்தில் ரயில் ஓட்டுகிறான். கார்த்திகா தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையனின் அம்மா கலைமதிக்கு அங்கேதான் மூட்டு ஆபரேஷன் நடந்தது. அம்மாவைப் பார்க்க வந்தவன், நர்ஸையும் பார்த்துவிட்டான். கார்த்திகா எதையும் மறைக்காமல் வீட்டில் சொன்னாள். மூன்று மாதமாக மச்சான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பிரெஞ்சுக்காரன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்கு வியாழக்கிழமையோடு லீவு முடிகிறது. முந்தின நாள் கார்த்திகா எனக்குப் போன் செய்திருந்தாள்.

"நாளைக்கு அப்பா சரின்னு சொல்லணும் மாமா. சொல்லாட்டி நான் சண்டை போட மாட்டேன். அவரை மீறிப் போகவும் மாட்டேன். அதோட முடிஞ்சிரும். நீங்க கூட இருங்க."

அதனால்தான் வந்தேன். வந்த இடத்தில் என்னைச் சாட்சியாக்கிவிட்டார்.

பழத்தாரைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் வெளியே கார் சத்தம். பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பத்தரைக்கே வந்துவிட்டார்கள். அம்மாவும் மகனும் மட்டும்தான். அந்த அம்மா காலைத் தாங்கித் தாங்கி இறங்கி, பூப்பையோடு உள்ளே வந்து, நாலு சுவரையும் பார்த்தார்.

"என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"சுண்ணாம்பு வாசனையே வரலையே."

எனக்குப் பொய் சொல்ல வராது. கடையில் சரக்கு இல்லையென்றால் கூட மூன்று தடவை மன்னிப்புக் கேட்கிற ஆள் நான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டிராக்டர், காடு, தொண்டைமான், ஆணி வரைக்கும். பையனுக்கு முகம் செத்துவிட்டது.

"நாம கெளம்புவோம்மா. அவருக்கு இஷ்டம் இல்ல" என்றான்.

"இருடா. விடிகாலைல ரெண்டு இட்லி தின்னது. எனக்குப் பசிக்குது" என்றார் அந்த அம்மா. கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து ஒரு நோட்டம் விட்டார். "மரத்தையெல்லாம் தூக்கிட்டுப் போக முடியல போலிருக்கே. வாழை இருக்கு, முருங்கை இருக்கு. இந்தா, வெந்நீர் அடுப்பும் இருக்கு. அண்ணே, பக்கத்து வீட்ல ரெண்டு பாத்திரம் கேட்டா குடுப்பாங்களா?"

பாத்திரம் மட்டுமா? நான் ஓடி ஓடிக் கேட்டதில் அரிசி, பருப்பு, எண்ணெய், அரைக்க ஒரு மிக்ஸி எல்லாம் வந்துவிட்டன. கேட்ட இடத்தில் எல்லாம் விஷயத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் சிரித்த சிரிப்பில் அரிசியைப் பாதி வழியில் சிந்திவிட்டார்கள். பாரிஸில் ரயில் ஓட்டுகிற பையன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாழைப்பூவை ஆய்ந்தான். ஒவ்வொரு நரம்பாகப் பொறுமையாக எடுத்தான். கை முழுக்கக் கறை.

பதினொன்றேகாலுக்கு அக்காவும் கார்த்திகாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அக்கா பிரகதாம்பாள் உள்ளே போனாள், கொட்டகைக்குப் போனாள், மறுபடியும் உள்ளே போனாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

"இந்த மனுசன் என் அஞ்சறைப்பெட்டியக் கூடவா தூக்கிட்டுப் போகணும்? ஆனந்தராஜ், நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"நான் வந்தப்பவே காலிக்கா."

நான் பயந்துபோய்க் கார்த்திகா முகத்தைப் பார்த்தேன். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை சிரிக்க ஆரம்பித்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துப் பையனுக்கும் தாங்கவில்லை, அந்த அம்மாவுக்கும் தாங்கவில்லை. கடைசியில் அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் போய் மச்சானைக் கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"போகாதீங்க மாமா. கூப்பிட்டா வர மாட்டாரு" என்றாள் கார்த்திகா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்பத்து நாலுல காட்டுக்குள்ள இருந்தவுங்க எதைப் பாத்துப் பதறுனாங்க? எனக்கு ஒண்ணாப்புலேர்ந்து சொல்லிக் குடுத்திருக்காரு."

நேரே போய்க் கொல்லையில் கிடந்த பச்சைத் தென்னமட்டையை ஒடித்து அடுப்பில் வைத்தாள். இரண்டு மட்டை. அதற்கு மேல் ஈரத் தேங்காய் நார். புகை கிளம்பியது பாருங்கள், வீட்டுக்கு மேலே தூண் மாதிரி எழும்பி, முந்திரிக்காட்டுப் பக்கமாகவே சாய்ந்தது. எங்கள் எல்லாருக்கும் இருமல்.

இரண்டு நிமிஷம் ஆகவில்லை, போன்.

"மாப்ள, பொகை வருதே. என்னடா அது?"

"அவங்க அடுப்... கொளுத்தி..." என்று நான் இருமினேன். கார்த்திகா போனை வாங்கி அணைத்துவிட்டாள்.

முந்திரிக்காடு அங்கிருந்து ஒன்றரைப் பர்லாங். முதலில் பசு வந்தது, பின்னாலேயே கன்று. அதற்குப் பின்னால் மடித்துக்கட்டிய வேட்டியோடு, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, அறுபத்திரண்டு வயது ஆத்மநாதன் வாத்தியார் வரப்பு மேல் ஓடி வந்தார். பாதித் தண்ணீர் அவர் மேலேயே இருந்தது. கொல்லைக்குள் வந்து நின்று, வீட்டைப் பார்த்தார். கூரை இருந்தது. அடுப்பைப் பார்த்தார். வாணலியில் வடை வெந்துகொண்டிருந்தது.

கலைமதி அம்மா கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி கொண்டாந்துட்டீங்களா சார்? நல்லதாப் போச்சு, ரசத்துக்கு வேணும்."

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. குடத்தைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. பையன்தான் போய் வாங்கிக்கொண்டான்.

"கொளுத்திட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"பிரெஞ்சுக்காரங்கன்னா கொளுத்துவாங்க, அப்படித்தானே?" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "எங்க முப்பாட்டன் அந்தப் பட்டாளத்துல இருந்தாரான்னு எனக்குத் தெரியாது சார். இருந்திருந்தாலும் சிப்பாயாத்தான் இருந்திருப்பாரு. தொரை குதிரைல வந்திருப்பான், இவரு நடந்து வந்திருப்பாரு. வந்து பாத்தா ஊர்ல கஞ்சி ஊத்த ஆளில்ல. அவரும் பாவம்தானே?"

"அப்படி எந்தப் புஸ்தகத்துலயும் போடலையே" என்றார் மச்சான்.

"சிப்பாய்க்குப் பசிச்சதை யாரு எழுதப் போறா. உக்காருங்க, இலை போட்டாச்சு."

தன் வீட்டுக் கொல்லையில், தன் வாழையிலையில், அடுத்தவர் பரிமாற மச்சான் சாப்பிட்டார். நாங்களும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. கார்த்திகா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் கூட எடுத்து வைக்கவில்லை. மச்சான் மூன்றாவது வடையை எடுத்தவர், அதைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே போட்டார்.

"அம்பத்து நாலுல வந்தவன் திரும்பிப் போயிட்டான்மா" என்றார், இலையைப் பார்த்தபடி. "ஒரு மாட்டைக் கூட அவனால ஓட்டிட்டுப் போக முடியல. நீங்க எம் பொண்ணையில்ல கூட்டிட்டுப் போறீங்க. எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு."

மூன்று மாதமாக அவர் வாயில் வராத பேச்சு அதுதான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்றார் கலைமதி அம்மா. "ஏழு வருஷமா காரைக்கால்ல நான் ஒத்தையாத்தான் இருக்கேன்."

பையன் தொண்டையைச் செருமினான். "அங்க எனக்கு வருஷத்துக்கு அஞ்சு வாரம் லீவு உண்டுங்க. எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கிட்டு வந்துருவோம்."

மச்சான் நிமிர்ந்தார். "நாலு வாரம் கீரமங்கலம்."

"அதெப்படி? எனக்கு ஒரு வாரமா? மூணு எனக்கு, ரெண்டு ஒங்களுக்கு" என்றார் அந்த அம்மா.

"மூணுக்குக் கொறஞ்சு நான் ஒத்துக்க மாட்டேன்."

"ஒங்களுக்கு வீட்ல ஆள் இருக்கு, மாடு இருக்கு. எனக்கு யாரு இருக்கா?"

"அப்பா, ஆளுக்குப் பாதி பிரிச்சுக்க நான் என்ன தொண்டைமான் சீமையா?" என்றாள் கார்த்திகா.

"நீ சும்மா இரு, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"ஒண்ணு செய்வோம்மா. புள்ளைங்க வாரப்ப நீங்களும் இங்கிட்டு வந்துருங்க. அஞ்சு வாரமும் எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

"ரெண்டு வாரம் இங்க, மூணு வாரம் அங்க. நீங்களும் அங்க வரணும்."

மச்சான் யோசித்தார். "காரைக்கால் வரைக்கும் வாரேன். கடல் தாண்டல்லாம் கூப்பிடக் கூடாது."

"மொதல்ல பாஸ்போர்ட் எடுங்கப்பா" என்றாள் கார்த்திகா. அப்புறம்தான் முதல் வாய்ச் சோற்றை எடுத்து வைத்தாள்.

உடனே தட்டு மாற்றிக்கொள்வோம் என்று முடிவானது. பூவும் பழமும் இருந்தன. தட்டு இல்லை. குத்துவிளக்கு இல்லை. ராமு டிராக்டரோடு ஆலங்குடி போய்விட்டான், பொழுது சாய்ந்துதான் வருவான். நாலரைக்கு ராகு காலம். அக்கா மச்சானை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு வழியில்லை, எல்லாரும் காட்டுக்கே கிளம்பினோம். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் காரில். மற்றவர்கள் வரப்பில் நடந்தோம். பாத்திரம் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள்.

மச்சான் எங்களுக்கு முன்னால் ஓடினார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மரத்தடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சாமி படத்தை ஒரு கிளையில் மாட்டி, பீரோவைத் திறந்து ஜமுக்காளத்தை உதறி விரித்திருந்தார். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ ஒரு பட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலிப்படல் வாசலில் வந்து நின்றார். முதலில் காரிலிருந்து இறங்கிய அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தார். அப்புறம் பின்னால் நின்ற பையனைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. பாத்து வாங்க, முள்ளு கெடக்கு."