பின்கட்டுச் சாவி

“இந்தக் கம்பெனி யாருது, அண்ணி?”

“என்னுது.”

“தரையப் பாத்துச் சொல்லாதீங்க. இன்னைக்கு வரப்போற ஆபீசரம்மா மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். இன்னொரு தடவ.”

“என்னுது,” என்றாள் அவள். இந்தத் தடவை சுவரைப் பார்த்தாள். கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

விடிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். திரும்பி ஓடி வருவதற்குள் பால் பொங்கி வழிந்திருந்தது. வீட்டின் கீழ்த்தளத்தில் கொசுவலை தைக்கும் பட்டறை. அவள் புருஷன் தொடங்கியது. அவன் கண்ணை மூடியதும் தம்பிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவள் மாடிச் சமையலறைக்குப் போனாள். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. புருஷனை இழந்தவளுக்கு அடுப்படி போதும் என்று எல்லோருக்கும் தானாகவே தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

பிறகுதான் அந்த உலக நிவாரண அமைப்பு வந்தது. அகதி முகாம்களுக்கு லட்சக்கணக்கில் வலை வாங்குகிறவர்கள். விலையை மட்டும் பார்த்து வாங்க மாட்டோம், பெண்கள் நடத்தும் நிறுவனத்துக்கு முன்னுரிமை, தைக்கிறவர்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்றார்கள். நல்ல கொள்கைதான். கொழுந்தன் ராவோடு ராவாக அண்ணியை முதலாளி ஆக்கிவிட்டான். அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு வந்து வெங்காயம் நறுக்கினாள்.

ஒவ்வொரு வலையிலும் ‘நியாயமான முறையில் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சடித்த துண்டுத் துணி ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். அதைத் தைக்கும் பெண்கள் காலையில் வந்தால் சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. பின்கட்டுக் கழிப்பறைக்குப் பூட்டு. “தொறந்து விட்டா ஆளாளுக்குப் போய் அரட்டை அடிப்பாளுங்க” என்பது கொழுந்தன் கட்சி. சாவி அவன் சட்டைப்பையில். மத்தியானம் ஒரு தடவை திறப்பான், அவ்வளவுதான். அவசரமென்று மாடிக்கு ஓடி வந்தவர்களை அவள் வீட்டுக் குளியலறைக்குள் விட்டாள். மறுநாளே மாடிப்படிக்கு ஒரு கம்பிக்கதவு முளைத்தது. போன வாரம், ‘பட்டன்’ என்று எல்லோரும் கூப்பிடும் குட்டைப் பெண் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பூட்டு ஒழிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

கொழுந்தன் பெண்டாட்டி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டாள். “கீறல் படாம பாத்துக்கங்க அக்கா. சாயங்காலம் எனக்கு வேணும்.”

அமைப்பின் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அவளைச் சுழல்நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. கேட்டதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னாள். யார் முதலாளி? நான்தான். யார் முடிவு எடுப்பது? நான்தான். பக்கத்தில் நின்ற கொழுந்தன், பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்கும் தகப்பனைப் போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள். பின்கட்டுக் கதவு அன்றைக்கு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே புதுச் சோப்பு, புதுத் துண்டு. பூட்டு மட்டும் கொண்டியில் தொங்கியது. அதை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

“இந்தப் பூட்டு எதுக்கு?” என்றார் அதிகாரி.

“ராத்திரிக்கு மேடம். கம்பெனிய மூடினப்புறம்,” என்று கொழுந்தன் முந்திக்கொண்டான்.

“சாவி யார்கிட்ட இருக்கு?”

கொழுந்தன் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

“என்கிட்டதான்,” என்றாள் அவள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒருத்தியும் துணியைப் பார்க்கவில்லை. பட்டனின் முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. அவள் கொழுந்தனிடம் கையை நீட்டினாள். “காலையில அவசரத்துல உங்ககிட்ட குடுத்து வச்சேனே, தம்பி. குடுங்க.”

அதிகாரியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் கையை விட்டான். சாவி அவள் உள்ளங்கைக்கு வந்தது.

“அடுத்த தடவ சொல்லாமத்தான் வருவேன்,” என்றார் அதிகாரி, அவளிடம். “வந்தா உங்களத்தான் கேப்பேன்.”

கார் தெருமுனை திரும்பியதும் கொழுந்தன் அலுவலக அறைக்குள் வந்தான். அவள் நாற்காலியில் இருந்தாள். அடியில் இருந்த பிடியைத் தேடி இழுத்து அதைத் தாழ்த்தியிருந்தாள். இப்போது கால் தரையில் ஊன்றியிருந்தது.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மேல போங்க அண்ணி, பசிக்குது,” என்றான்.

அவள் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “இது உங்க வீட்டுக்காரியோடது. குடுத்துடுங்க.”

“சாவி?”

“காலையில கேட்டீங்களே தம்பி, இந்தக் கம்பெனி யாருதுன்னு. இன்னொரு தடவ கேளுங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டான். வெளியே ஒரு மிஷின் நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பட்டன் எழுந்து, யாரையும் கேட்காமல், பின்கட்டுக்குப் போனாள்.