ஒன்பதரை மணிக்கு எழும்பும் மடிக்கணினி

"பறக்குதுன்னு எழுதுங்க அண்ணி, அதுவே போதும்—"

"பறக்கிறதுக்கா வாங்குறாங்க? சார்ஜ் ஏறலைன்னு—"

"அப்படி எழுதினா என் வேலை போயிடும்னு எத்தனை தடவை—"

"எழுதத்தான் போறேன்!"

அண்ணியும் நாத்தனாரும் கூரையைப் பார்த்துக்கொண்டே சண்டை போட்டார்கள். மடிக்கணினி அங்கேதான், மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு மேசையை விட்டு எழும்பும். பத்து மணிக்கு இறங்கும். செயற்கைக்கோளிலிருந்தே மின்சாரம் வரும், அதனால் சார்ஜரும் கிடையாது, செருக ஓட்டையும் கிடையாது என்பது இதைத் தயாரித்த, நாத்தனார் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெருமை. செயற்கைக்கோள் ஒன்பதரைக்கு நேரம் தவறாமல் வீட்டுக்கு மேலே வந்து போனது, மடிக்கணினியும் அதை நோக்கி எழும்பியது. மின்சாரம்தான் வரவில்லை.

அண்ணி பதினோரு வருடங்களாகப் பத்திரிகையில் புது மடிக்கணினிகளைப் பற்றி எழுதுகிறவள். எதிலும் குறை சொல்வதால் வாசகர்கள் வைத்த பெயர் நொட்டைக்காரி. எந்தக் கருவியைப் பற்றி எழுதுகிறாளோ, அதிலேயேதான் கட்டுரையை அடித்து அனுப்புவாள். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்ட ஒன்றை மடியில் ஈரத்துண்டு விரித்து வைத்து எழுதி முடித்திருக்கிறாள். ஆகவே இதற்கும் வழக்கம்போலக் குறிப்பெடுத்தாள்: திரை நன்று, விசைகள் கல் மாதிரி, ஒலிபெருக்கி தகர டப்பா, பறக்கிறது.

பத்தாம் நாள் சார்ஜ் இரண்டு சதவீதம்தான் மிச்சம். அணைவதற்குள் முடித்தாக வேண்டும் என்று உட்கார்ந்தாள். ஒன்பதரை ஆனது. அவள் கையை எடுக்கவில்லை, வாக்கியம் முடியவில்லை. நாற்காலி கீழே நின்றது. அவள் மேலே போனாள். மடிக்கணினி திறந்திருந்த ஜன்னல் பக்கமாக இழுத்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவர் ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த சட்டையை உதறினார். நாத்தனார் பாய்ந்து வந்து இரண்டு கைகளாலும் அண்ணியின் கணுக்காலைப் பிடித்தாள்.

"அதை விட்டுத் தொலைங்க அண்ணி!"

"இன்னும் ரெண்டே வரி. உங்க ஆபீஸ்ல யாராவது இதுல வேலை செய்யறாங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

நாத்தனார் அந்தக் குதிகாலைப் பார்த்துச் சொன்னாள்.

"எல்லாரும் பழசுலதான். ஆளுக்கொரு சார்ஜர் பையில கிடக்கு."

"அதையும் போட்டுடறேன்."

"போடுங்க. சீக்கிரம், கை வலிக்குது."

மேசைமேல் நாத்தனாரின் கைபேசி அலறியது. மேலாளர், கட்டுரை என்ன ஆயிற்று என்று காலையிலிருந்து நாலாவது முறை. எடுக்க வேண்டுமானால் ஒரு கையை விட வேண்டும். அவள் இரண்டு கைகளையும் இன்னும் இறுக்கினாள்.

"அது அடிக்கட்டும். அனுப்பியாச்சான்னு மட்டும் சொல்லுங்க அண்ணி!"