தானாக இறுகிய பல் செட்

சுப்ராயனின் கீழ்வரிசைப் பல் செட் ஆடுகிற விஷயம் காரைக்கால்மேடு முழுக்கத் தெரியும். கடற்கரையில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிற மனிதர். யாரையாவது சத்தமாகக் கூப்பிட்டால் பேருக்கு முன்னால் செட்டு வெளியே வந்து நிற்கும். போட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மனிதர் குன்றிப்போவார். போட்டில் வெடிப்பு விட்டால் ரெசின் பசையைக் குழைத்துப் பூசுகிறோமே, இதிலும் பூசினால் என்ன என்று அந்த மகா மூளைக்குத் தோன்றிவிட்டது! செட்டின் அடியில் பூசி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்டிக்கொண்டார். பத்து நாள் நின்றது. பிறகு மறுபடி ஆட்டம், மறுபடி பூச்சு.

மனைவி தையல்நாயகி மீன் விற்கிறவள். கெட்டுப்போனதை பத்தடித் தூரத்திலேயே பிடித்துவிடுகிற மூக்கு அவளுக்கு. புருஷன் வாயில் புகையிலை வாசனைக்கும் அடியில் வேறொரு நாற்றம் கிளம்புவதை அவள்தான் முதலில் கண்டாள். சண்டை போட்டு, சோறு கிடையாது என்று மிரட்டி, டவுனுக்குப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சுனாமி வந்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம் அது.

ரெசின் கதையைக் கேட்டு டாக்டர் சிவபாலன் தலையில் அடித்துக்கொண்டார்.

“எலும்புலயே ஸ்க்ரூ வச்சு அதுல பல்லு மாட்டலாங்க. இம்ப்ளாண்ட்டுன்னு பேரு. ஆடாது, அசையாது. ஆனா மொதல்ல எடதுபக்க ஈறுல இருக்குற புண்ணு ஆறணும். ரெண்டு வாரம் செட்டே மாட்டாதீங்க. புகையிலைய விட்டுடுங்க. அப்பவும் ஆறலன்னா துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.”

சுப்ராயன் காதில் ஸ்க்ரூ மட்டும் விழுந்தது. தையல்நாயகி காதில் டெஸ்ட்டு மட்டும் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் செட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். “பொக்க வாயோட நாலு பேரு முன்னால நிக்கச் சொல்றியா?” என்று ஒரே வார்த்தை. அவள் கெஞ்சினாள், அழுதாள். நல்லது சொன்னால் காது கேட்காத ஜென்மம்! ரெண்டு வாரம் போயிற்று, ரெண்டு மாதமும் போயிற்று. புண்ணைக் காட்டுங்கள் என்றால் வாயை இறுக மூடிக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானம் கருவாட்டை நறநறவென்று கடித்தபடி அவளைக் கூப்பிட்டார்.

“பாத்தியா தையலு, செட்டு கிச்சுன்னு புடிச்சிருக்கு! இனிமே ஸ்க்ரூவும் வேணாம், டாக்டரும் வேணாம்.”

“மறுபடியும் ரெசினு பூசுனீங்களா?”

“ஆத்தா சத்தியமா இல்லடி. அத விட்டு இருவது நாளாச்சு. தானா எறுகிடுச்சு.”

அவள் யோசித்தாள். போட்ட மோதிரம் தானாகவா சின்னதாகும்? விரல் வீங்கினால்தானே இறுகும்? அவர் இன்னொரு துண்டுக் கருவாட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகச் சிரித்தார். இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

“சரிங்க, ஸ்க்ரூ வேணாம்னு நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுவோம். நமக்காவ காத்திருப்பாரு பாவம்” என்றாள். வாழ்க்கையில் புருஷனிடம் இவ்வளவு நிதானமாக அவள் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் டாக்டரிடமும் அதே பெருமைதான். தானாக இறுகிய கதையைக் கேட்டதும் டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“செட்டக் கழட்டுங்க.”

சுப்ராயன் இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தபோது ரத்தத்தோடு வந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். தாடைக்குக் கீழே ஒரு கட்டியை அழுத்தினார்.

“வலிக்குதா?”

“கொஞ்சங்கூட வலிக்கலீங்க!”

வலித்திருந்தால் தேவலை என்பதுபோல் டாக்டர் முகம் போனதைத் தையல்நாயகி பார்த்துவிட்டாள். டாக்டர் உட்கார்ந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தார்.

“மாத்திரைங்களா?” என்றார் சுப்ராயன்.

“இல்லீங்க. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டரு.”

“தீவாளி கழிச்சுப் போறேனுங்க. நாலு போட்டு வேல நிக்குது.”

டாக்டர் லெட்டரை மடித்துத் தையல்நாயகியிடம் நீட்டினார்.

“ஏம்மா, இப்ப மணி பதினொண்ணு. அடுத்த பாண்டி பஸ்ஸு எத்தன மணிக்கு?”