அடி ஸ்வரம் வராத வாரம்

என் பேஸ் கிளாரினெட்டை வாசலில் கிடத்தினால் ஆள் தடுக்கி விழும், அவ்வளவு நீளம். எங்கள் ஹட்டன் வாத்தியக் குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய அன்பளிப்பு. ஒருவரும் தொடவில்லை, நான் தூக்கிக்கொண்டேன். இத்தனை வருடமும் பின்வரிசையில் உட்கார்ந்து 'பொம், பொம்' என்று ஊதிய எனக்கு, முதன்முதலாக ஒரு பாட்டைத் தனியாகத் தொடங்கி வைக்கும் இடம் கிடைத்தது. அந்த வாரம் பார்த்துத்தானா அது கழுத்தறுக்க வேண்டும்?

வியாழன் ஒத்திகையில் அடி ஸ்வரத்தை, அதாவது ஆகக் கீழே ஒலிக்கும் ஸ்வரத்தை, ஊதினால் கீச்சென்று மேலே பாய்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களை நடத்தும் பேரின்பநாயகம் சேர் கோலைக் கீழே வைத்தார்.

"சர்மிளா, உந்தப் பகுதியைக் கீபோர்டிலை வாசிப்பம். ஞாயிறு பின்னேரம் கச்சேரி, பிள்ளை. எனக்கு வேறை வழி இல்லை."

"ஞாயித்துக்கிழமை காலையில கேட்டுட்டு முடிவு பண்ணுங்க சேர்," என்றேன். உள்ளே கொதித்தது. கீபோர்டுக்கு மூச்சு உண்டா?

வட்டவளைத் தோட்டத்து லயன் வீட்டுக்கு வந்ததும், ஊதும்போது அதிரும் நாணல் ரீட்டை மாற்றினேன், அதே கீச்சு. வாய்ப்பகுதியை மட்டும் கழற்றி ஊதினேன். ஒழுங்காகச் சத்தம் வந்தது. அப்படியானால் குழாயில்தான் எங்கோ காற்று கசிகிறது. துளைகளை மூடும் பேட் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய தாளை வைத்து இழுக்க வேண்டும். பிடிக்காமல் வழுக்கினால் கசிவு அங்கே. தாளுக்காக டீ பேக் வாங்கிக் கிழித்தேன். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டுக்குள் டீ பேக் வந்தது அன்றுதான்.

மேல் பகுதியில் ஒரு பேட்டில் தாள் வழுக்கியது. பசை இளகி, பேட் சாய்ந்து கிடந்தது. இந்தக் குளிரில் பசை எப்படி இளகும்?

அம்மா நாகலெட்சுமி முந்தானையைத் திருகினாள். "மழையில நனைஞ்சு ஜில்லுன்னு கெடந்துச்சும்மா. அதான் நீ வேலைக்குப் போனதும் தூக்கி அடுப்புக்கு மேல பரண்ல வச்சேன்."

விறகு, கம்பளி, சப்பாத்து எல்லாம் எங்களுக்குக் காய்வது அங்கேதான். "இது என்ன வெறகாம்மா?" என்று கத்தினேன். அவள் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனால் சமாதானம் பேச நேரமில்லை. "டோர்ச்சப் புடிம்மா."

லைட்டரால் பேட்டைத் தாங்கும் மூடியின் முதுகைச் சூடாக்கி, பேட்டை நேராக அழுத்தி, ஆறும்வரை விரலை எடுக்காமல் இருந்தேன். விரல் பொசுங்கியது. தாள் வழுக்கியது. மறுபடி சூடாக்கினேன். மறுபடியும் வழுக்கியது. விடுவேனா? கடைசியில் தாள் இறுகப் பிடித்துக்கொண்டது. ஊதினேன்; தரை அதிர்ந்தது.

பக்கத்து வீட்டு அழகையா சுவரைத் தட்டினார். "யாருங்க அது, லொறிய வீட்டுக்குள்ள ஸ்டார்ட் பண்றது?"

அம்மா சிரித்துவிட்டாள். நானும்தான்.

ஞாயிறு காலை ஒத்திகைக்குப் போனால், என் நாற்காலிக்கு முன்னால் கீபோர்டை வைத்திருந்தார்கள். யாரையும் கேட்காமல் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சேர் கையை உயர்த்தினார்.

அடி ஸ்வரம் உடையாமல் நின்றது. என் தனிப் பகுதியை முடித்தேன். அடுத்து எல்லோரும் சேர வேண்டிய இடம். ஒருவரும் ஊதவில்லை. வாசிக்க மறந்து, வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, எல்லாருக்கும் நித்திரையோ?" சேர் அவர்களைப் பார்த்துக் கத்தினார். "திரும்ப முதலிலை இருந்து வாசி, சர்மிளா!"

எனக்கு வேறென்ன வேண்டும்? மூச்சை இழுத்தேன்.