ஆயிரத்து நூறு கிலோவில் ஒரு வீடு

என் கணவன் நெவில் முப்பத்துநான்கு வருடம் ஹாலிஃபாக்ஸில் பேருந்து ஓட்டினான். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே ஒரு புதுக் கேரவன் வாங்கினான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வகை. உள்ளே இரட்டைக் கட்டில், அடுப்பு, ஓவன், குளியல் வசதியோடு கழிப்பறை, எட்டு அலமாரி. இவ்வளவும் சேர்ந்து ஆயிரத்து நூறு கிலோதான் என்று விற்பனைக்காரர் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கார் சிறியது. அதற்கு மேல் ஒரு கிலோ ஏறினாலும் இழுக்காது.

"பாத்தியா ஏவ்ரில், ஓவன்கூட இருக்கு. நடுக்காட்டுல நின்னுக்கிட்டு ஆப்பிள் பை சுடலாம்."

நான் ஓர் அலமாரிக் கதவைத் தட்டிப் பார்த்தேன். காலி அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம் வந்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாகிறது. அவன் முகம் அப்படி மலர்ந்திருக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

முதல் பயணம் விட்பி கடற்கரைக்கு. போய்ச் சேர்ந்து உள்ளே பார்த்தால் மூன்று அலமாரிக் கதவுகள் எங்கள் கட்டிலில் படுத்திருந்தன. திருகாணி மரத்தைப் பிடிக்கவில்லை. பிடிக்க அங்கே மரமும் இல்லை, விரல் நகம் அளவு மெல்லிய ஒட்டுப்பலகைதான். இரண்டாவது பயணத்தில் மேசையின் கால் போயிற்று. மூன்றாவது பயணத்தில், அடுப்புக்கு முன்னால் இருந்த தரை. நின்றால் அமுங்கியது, நகர்ந்தால் எழும்பியது, இரண்டுக்கும் நடுவில் முனகியது.

நெவில் கம்பெனிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். "வழக்கமான பயன்பாட்டில் இப்படி நேர வாய்ப்பில்லை" என்று ஒவ்வொரு முறையும் பதில் வரும். ஒன்பதாவது பதிலில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "கேரவனுக்குள் நடமாட்டத்தை மிதமாக வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறோம்."

நெவில் அதை மூன்று முறை படித்தான். "மிதமான்னா என்ன அர்த்தம்? கொடியில தொங்கணுமா?"

"உன் தொப்பையப் பத்தி யாரோ ஃபேக்டரிக்கு வத்தி வச்சிட்டாங்க."

"என் தொப்பைய விடு. இந்த நாட்டுல சராசரி ஆம்பளை என்ன எடைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ அவனையும் சேர்த்துத் தின்னிருக்கன்னு மட்டும் தெரியும்."

பத்தாவது கடிதத்தை அவன் இரண்டே வரியில் முடித்தான். வழக்கமான பயன்பாடு என்றால் என்னவென்று உங்களில் ஒருவர் நேரில் வந்து செய்து காட்டுங்கள், நாங்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, ஃபைலியில் நாங்கள் தங்கியிருக்கும் கேரவன் முகாமுக்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார் என்று பதில் வந்துவிட்டது.

அன்று விடிந்ததிலிருந்தே மழை. பக்கத்து இடத்தில் பார்ன்ஸ்லியைச் சேர்ந்த கத்பெர்ட் என்ற கிழவர் இருந்தார். அவருடைய கேரவனுக்கு நாற்பது வயது; அதை இழுக்க யானை வேண்டும். விஷயம் தெரிந்ததும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் கதவுக்கு எதிரே போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார்.

வந்தவள் பிலிப்பா. முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் அட்டையும் படிவமும், தோளில் கருவிப் பை. வாசலிலேயே ஷூவைக் கழற்றப் போனாள்.

"போட்டுக்கிட்டே வாங்க," என்றான் நெவில். "நாங்க ஷூவோடதான் குடும்பம் நடத்துறோம். அதுதானே வழக்கமான பயன்பாடு?"

அவள் காலெடுத்து வைத்தாள். தரை முனகியது.

"இது வெறும் சத்தம்தான் சார். கட்டமைப்புல பாதிப்பு இல்ல."

"அப்ப என்ன, பாட்டுப் பாடுதா?"

அவள் எதையோ எழுதிக்கொண்டாள். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் திரையை ஏற்றினாள். திரை ஏறியது. ஏறி, தன் சட்டத்தையும் கூட்டிக்கொண்டு முழுசாக அவள் கையில் வந்தது.

"இதுக்கு ஒரு நுணுக்கம் இருக்கும்மா," என்றான் நெவில் மிகுந்த பரிவோடு.

"என்ன சார்?"

"தொடக் கூடாது."

வெளியே குடைக்கடியில் ஒரு இருமல் கேட்டது. கத்பெர்ட் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

எனக்குப் பாவமாக இருந்தது. டீ போட்டேன். கரண்டி எடுத்துத் தருகிறேன் என்று பிலிப்பா இழுப்பறையை இழுத்தாள். பெட்டி உள்ளேயே தங்கிவிட்டது, முன்பலகை மட்டும் கைப்பிடியோடு வந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதன்மேல் டீக் கோப்பையையும் இரண்டு பிஸ்கட்டையும் வைத்தேன். நல்ல தட்டு. அந்தக் கேரவனிலேயே உறுதியான பொருள் அதுதான்.

டீ குடித்ததும் அவள் பையிலிருந்து ஈரம் அளக்கும் கருவியை எடுத்தாள். கட்டில் தலைமாட்டு மூலையில் வைத்ததும் அது அலறியது. அணைத்துப் போட்டாள். மறுபடி அலறியது.

"மழை நாள்ல கொஞ்சம் கூடுதலாத்தான் காட்டும்," என்று சொல்லிக்கொண்டே சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. எடுத்துப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"கழிப்பறைய உபயோகிச்சுக்கலாமா?" என்று கேட்டாள். சோதனைக்காகவா, அழுவதற்காகவா என்று எனக்குப் புரியவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து ஊறிக் கிடந்த மண்ணில் கேரவனின் ஒரு சக்கரம் நாலு விரற்கடை இறங்கியது. பலமான வண்டியாக இருந்தால் மொத்தமும் சாயும். இது சாயவில்லை, முறுக்கிக்கொண்டது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு ஓசை கேட்டது.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவு திறக்க மாட்டேங்குது."

நெவில் வெளியிலிருந்து இழுத்தான். கைப்பிடி வந்தது. மூன்று பேரும் சேர்ந்து முயன்றோம், அதாவது நானும் அவனும் இழுக்க, அவள் உள்ளேயிருந்து தள்ளினாள். நிலை கோணிப்போய்க் கதவைக் கவ்விக்கொண்டிருந்தது. கத்பெர்ட் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கடப்பாரையுடன் ஓடிவந்தார்.

"தள்ளிக்கங்க, ஒரே நெம்பு!"

"இதுக்கெல்லாம் கடப்பாரை எதுக்குங்க? வெண்ணெய் தடவுற கத்தி போதும்." நெவில் மேசையிலிருந்த கத்தியை எடுத்துச் சுவரின் இடுக்கில் செருகினான்.

உள்ளேயிருந்து பிலிப்பா அலறினாள். "சார், சார்! அது தாங்கு சுவர்!"

"என்னத்தத் தாங்குது?"

"முகம் பாக்குற கண்ணாடிய."

"கண்ணாடிய நீ பிடிச்சுக்க."

நான்கே நிமிடம். ஒட்டு முழுவதும் பிரிந்து, சுவர் ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்துவிட்டது. உள்ளே பிலிப்பா கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன். அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்தால், அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் கைக்குட்டை தேவைப்பட்டது.

"மூணு வருஷமா நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்," என்றாள். "வருஷா வருஷம் விற்பனை ஆளுங்க வருவாங்க. ஓவன் இன்னும் பெருசா வேணும், எடை இன்னும் இருபது கிலோ குறையணும்பாங்க. எங்க குறைக்கிறது? ஓவனைக் குறைச்சா ஷோரூம்ல கண்ணுல படும். பலகையையும் பசையையும் குறைச்சா யாருக்குத் தெரியும்?" மூக்கைத் துடைத்துக்கொண்டு நெவிலைப் பார்த்தாள். "நீங்க வாங்கும்போது முதல்ல எதைப் பாத்தீங்க சார்?"

நெவில் கூரையைப் பார்த்தான். "ஓவனை."

"தரைய?"

அவன் பார்வை கூரையிலிருந்து தரைக்கு இறங்கியது.

"நான் அலமாரியத் தட்டிப் பாத்தேன்," என்றேன். "டொக்டொக்குன்னு அட்டை மாதிரி கேட்டுச்சு."

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல மனசு வரல."

"முப்பத்தெட்டு வருஷமா என் மூஞ்சியப் பாத்து எல்லாத்தையும் சொல்ற. இதுக்கு மட்டும் மனசு வரலியா!"

"குடும்பச் சண்டைய மிதமா வச்சுக்கங்க," என்றார் கத்பெர்ட் வாசலில் நின்றபடி. "தரை தாங்காது."

பிலிப்பா போகும்முன் படிவத்தை நிரப்பி எங்களிடம் காட்டினாள். 'பயன்பாட்டின் தன்மை' என்ற கட்டத்தில், "வழக்கமானது. கழிப்பறைக்குச் சென்றேன்" என்று எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து, தேதி, நேரம்.

அதற்குமேல் கம்பெனியால் ஒன்றும் பேச முடியவில்லை. கேரவனைத் தொழிற்சாலைக்கே எடுத்துப்போய்த் தரையையும் சுவரையும் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அதே பலகையையே மறுபடி போடுவார்களா என்று நெவில் பிலிப்பாவுக்குப் போன் செய்தான்.

"தடிமனாப் போடச் சொல்றேன் சார். ஆனா எடை ஏறும். ஏறுற ஒவ்வொரு கிலோவையும் வேற எங்கயாவது இறக்கணும். எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அன்று மாலை சமையலறை மேசையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். குளியல் தொட்டியும் குழாயும் போகட்டும் என்றேன். முகாமில் பொதுக் குளியலறை இருக்கிறது. மூன்று அலமாரி போகட்டும். அவற்றில் இருந்தது நாங்கள் தொடவே தொடாத சாமான். ஓவன் என்று வந்ததும் நெவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒரு தடவைகூட அதுல ஒழுங்கா ஆப்பிள் பை சுட்டது கிடையாதே நெவில். மேல கருகும், நடுவுல பனிக்கட்டி."

"சுடலாம்கிற நெனப்பே ஒரு சுகம்தான்."

"அந்த சுகத்துக்கு இருபத்திரண்டு கிலோ."

எழுந்துபோய்த் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். காகிதத்தில் ஓவன் என்ற சொல்லை அவனே பேனாவால் அடித்தான். நான் அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

ஜூன் மாதம் வண்டி திரும்பி வந்தது. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம், ஆயிரத்துத் தொண்ணூற்றாறு. பிலிப்பாவே கூட வந்திருந்தாள். உள்ளே ஏறி, அடுப்புக்கு முன்னால் நின்று, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தாள். தரை வாயைத் திறக்கவில்லை. பிறகு நெவில் குதித்தான். அதையும் தாங்கிக்கொண்டது.

அவள் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள், ஒரு படி மேலே. விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் வாரமே ஒரு கேரவனைக் கொடுத்து மழையில் இரண்டு நாள் தங்க அனுப்புகிறாளாம். நல்ல பெண்.

இப்போது மூன்றாவது வருடம். காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து குளிக்கப் போகிறோம். சாப்பாட்டுக்குக் காகிதத்தில் சுற்றிய மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவந்து, அசையாத தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறோம். போன வாரம் ஸ்கை தீவில் இருந்தோம். கூரையில் இருக்கிற சின்ன ஜன்னலிலிருந்து என் தலையணையில் ஒரு சொட்டு விழுந்தது. பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.

"ஒழுகுது நெவில்."

"அது ஒழுகல் இல்ல ஏவ்ரில், காத்தோட்டம்," என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்தான்.