தந்தை வழி

1

இந்தக் கதை எனக்கு வண்டி ஓட்டும்போது கிடைத்தது. விஸ்கான்சினில் என் பக்கத்து வீட்டுக்காரி டார்லாவை வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். போகிற வழியில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். (முதலில் ‘பனி கொட்டிக்கொண்டிருந்தது’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அது ஜூன் மாதம்.)

2

டார்லாவுக்கு முப்பத்தாறு வயதில் மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, அம்மா வழியில் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். வெறும் கொழுப்புக்கட்டி என்று அனுப்பிவிட்டார். அப்பா வழியை அவர் கேட்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருடத்தில் அது எலும்புக்குப் போய்விட்டது. பிறகுதான் மரபணுச் சோதனை. கோளாறு வந்தது அப்பாவிடமிருந்து. அவருடைய அம்மாவும் இரண்டு அக்காக்களும் மார்புப் புற்றில்தான் செத்தார்கள். வீட்டில் அதை வயிற்றுக்கோளாறு என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

3

அப்பா ஆர்லன், நாற்பது வருடம் மாடு வளர்த்தவர், ஒரு கல்நெஞ்சு—

இல்லை. இந்த மனிதரை எழுத எனக்கு வரவில்லை. மறைத்தாரா, அறியாமலே இருந்தாரா? டார்லா கேட்டே விட்டாள்.

“அது பொம்பளைங்க சமாச்சாரம்னு இருந்துட்டேம்மா. நான் ஆம்பள, எனக்கு ஒண்ணும் வரலையே. எங்கிட்டேருந்து எப்படி உனக்கு வரும்?”

“சினை ஊசிக்குக் காளை எப்படிப்பா தேர்ந்தெடுப்பீங்க?”

“அதோட பொட்டக் கன்னுங்க வளந்து எவ்வளவு கறக்குதுன்னு...”

தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனவர், அன்று சாப்பிட வரவில்லை.

4

டார்லா அக்டோபரில் இறந்தாள். அவள் அண்ணன் வெய்னுக்கு இரண்டு பெண்கள்: பத்தொன்பது, இருபத்திரண்டு. அவனுக்கும் அந்தக் கோளாறு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சோதனை செய்துகொள், பெண்களிடம் சொல் என்று அவள் கடைசிவரை கெஞ்சினாள். படிக்கிற பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்றான். அடக்கம் முடிந்ததும் என்னிடம் வந்து, அவர்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று வாக்கு வாங்கினான். அழுதுகொண்டிருந்தான். கொடுத்துவிட்டேன்.

வெய்னே ஒருநாள் சொல்லிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். எனக்கே நம்பிக்கையில்லை. தாத்தா சொல்வதாக இன்னொன்று. ஆர்லன் இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். அந்த வீட்டில் யாருக்கும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வாக்கும் தவறவில்லை, சொல்லியும் ஆயிற்று. கோழை கண்டுபிடித்த வழி.

நேற்று மூத்தவள் வந்தாள். மேசையில் கிடந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள்.

“எழுத்து அழகா இருக்கே. என்ன கதை?”

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் பதினைந்தாம் தேதி திரும்பக் கல்லூரிக்குப் போகிறாள். உங்களுக்குத் தமிழ் தெரியும். நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.